கிணற்று வாயில் ஒரு கடைசி மதகு
எண்ணெய், எரிவாயுக் கிணறுகளின் பீறிடல் தடுப்பான் பற்றி உழவர்களுக்கு ஒரு பாடம்

போன பங்குனியில் உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்தோம். எங்கள் வயலுக்கு வடக்கே நாலு வயல் தள்ளி ஒரு எண்ணெய்க் கிணறு இருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கம்பி வேலிக்குள்ளே ஆள் அரவம் இல்லாமல்தான் பெரும்பாலும் கிடக்கும். அன்றைக்கு லாரி லாரியாக இரும்புச் சாமான் வந்து இறங்கியது. இரண்டு நாளில் கோபுரம் மாதிரி ஒரு ரிக் எழும்பி நின்றது.

பக்கத்து வயல் அக்கா இடுப்பில் கூடையோடு வந்து கேட்டார். "தம்பி, நீதானே பத்து வருஷம் இந்த வேலை பாத்துட்டு வந்தே. இது வெடிக்குமா, வெடிக்காதா? ஒரே வார்த்தையில சொல்லு."

"வெடிக்காதுக்கா. அதுக்குன்னே பி.ஓ.பி.ன்னு ஒன்னு மாட்டுவாங்க" என்றேன்.

அக்கா நிம்மதியாகப் போய்விட்டார். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் பாதி பதில். மீதி பாதியை நம் இயக்கத்தின் மாதக் கூட்டத்தில் கரும்பலகையில் படம் போட்டுச் சொன்னேன். கேட்ட நண்பர்கள் எழுதித் தரச் சொன்னார்கள். நான் இன்ஜினியர் இல்லை. ஒப்பந்தக்காரர் மூலமாக வட மாநிலங்களில் ரிக்குகளில் தரைவேலை பார்த்தவன். அப்பா காலமான பிறகு ஊருக்கு வந்து மூன்று ஏக்கரில் தூயமல்லியும் மாப்பிள்ளைச் சம்பாவும் போடுகிறேன். எனக்குத் தெரிந்ததை, நம் பேச்சிலேயே சொல்கிறேன்.

முதல் காவல் சேறு

நாம் போடும் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் தானாகப் பொங்கி வருவது அபூர்வம். மோட்டார் போட்டு இழுக்கிறோம். எண்ணெய்க் கிணறு அப்படி இல்லை. இரண்டாயிரம், மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் பாறைத் துளைகளுக்குள் எண்ணெயும் வாயுவும் நசுங்கிக் கிடக்கின்றன. வழி கிடைத்தால் மேலே வரத் துடிக்கும்.

எவ்வளவு நசுங்கி? பத்து மீட்டர் உயரத் தண்ணீர், தன் அடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கொடுக்கும். அப்படியானால் 2000 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் மட்டுமே இருந்தாலும் 200 கிலோ. டிராக்டர் பின்சக்கரத்தில் நாம் அடிக்கும் காற்று ஏறக்குறைய ஒரு கிலோதான். லாரி டயரில் எட்டு கிலோ. லாரி டயர் வெடித்தாலே ஆள் தூக்கி எறியப்படுவதைப் பார்த்திருக்கிறோம். இதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு அழுத்தத்தை முதலில் அடக்கி வைப்பது இரும்பு இல்லை, சேறு. துளையிடும்போது குழாய்க்குள் ஓயாமல் சேற்றை இறக்கி, வெளிப்பக்கமாக மேலே கொண்டுவந்து, சலித்து, திரும்பவும் இறக்குவார்கள். பென்டோனைட் களிமண்ணும் பாரைட் தூளும் கலந்த சேறு அது. பாரைட் கனமான கல். நம் பக்கத்து ஆந்திராவில் கடப்பைப் பகுதி மங்கம்பேட்டையில் பெரிய அளவில் வெட்டி எடுக்கிறார்கள். தண்ணீரைவிட 1.2 மடங்கு கனமான சேறு நிரம்பியிருந்தால் 2000 மீட்டரில் 240 கிலோ அழுத்தம் கீழ்நோக்கி இருக்கும். பாறைக்குள் இருக்கும் அழுத்தம் அதைவிடக் குறைவு என்றால் கிணறு சாதுவாக இருக்கும்.

அதற்காகச் சேற்றை இஷ்டத்துக்குக் கனமாக்கவும் முடியாது. பாறை விரிசல் விட்டுச் சேற்றைக் குடித்துவிடும். சேற்று மட்டம் இறங்கிவிடும். மட்டம் இறங்கினால் அழுத்தமும் இறங்கும். நம் வரப்பு மாதிரிதான். சிறுத்தால் தண்ணீர் ஏறிப் போகும், பாரம் கூடினால் அடி சரியும்.

நண்டு வளை

சேற்றின் கனம் எங்கேயாவது குறைந்துபோனால், கீழேயிருந்து கொஞ்சம் வாயுவோ எண்ணெயோ உப்புநீரோ கிணற்றுக்குள் நுழையும். ரிக் பாஷையில் இதற்கு 'கிக்' என்று பெயர். கிக் என்பது இன்னும் விபத்து இல்லை. வரப்பில் நண்டு வளை வழியாகத் தண்ணீர் கசிவது மாதிரி. அப்போதே ஒரு பிடி களிமண் வைத்து மிதித்தால் தீர்ந்தது. விட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் வரப்பே இருக்காது. கிக்கைக் கவனிக்காமல் விட்டு, கட்டுப்பாடே இல்லாமல் மேலே வந்து கொட்டுவதுதான் பீறிடல். 'ப்ளோ-அவுட்' என்று செய்தியில் வருவது அதுதான்.

வாயு நுழைந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆழத்தில் 200 கிலோ அழுத்தத்தில் ஒரு லிட்டர் இடம் பிடித்த வாயு, மேலே வெட்டவெளிக்கு வரும்போது ஏறக்குறைய 200 லிட்டராக விரியும். விரிய விரிய தனக்கு மேலே உள்ள சேற்றைத் தள்ளி வெளியேற்றும். சேறு வெளியேற வெளியேற கீழே அழுத்தம் இன்னும் குறையும். இன்னும் வாயு நுழையும். ஆரம்பத்தில் ஆடி அசைந்து வருவது, கடைசி நிமிஷங்களில் பாய்ந்து வரும். அதனால் கிக்கை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம் என்பதுதான் எல்லாமே.

கண்டுபிடிக்கும் அடையாளங்கள் எளிமையானவை. போன சேற்றைவிடத் திரும்பி வரும் சேறு அதிகமாக இருக்கும். தொட்டியில் மட்டம் ஏறும். பம்பை நிறுத்திய பிறகும் கிணற்றிலிருந்து சேறு வழியும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வேலையை நிறுத்தி, கிணற்று வாயை மூட வேண்டும். வாயை மூடும் கருவிதான் பி.ஓ.பி. தமிழில் பீறிடல் தடுப்பான் என்று சொல்லலாம்.

மரத்தூளில் வரைந்த படம்

இந்தக் கருவி வருவதற்கு முந்திய காலத்தில், எண்ணெய் பீறிட்டு வானுயர அடித்தால் அதைக் கொண்டாடினார்கள். 1901 ஜனவரி 10 அன்று அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் ஸ்பிண்டில்டாப் குன்றில் ஒரு கிணறு பீறிட்டது. ஒன்பது நாள் அடக்க முடியவில்லை. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் பீப்பாய் அளவுக்கு எண்ணெய் கொட்டியதாகக் கணக்கிட்டார்கள். சுற்றிலும் எண்ணெய்க் குட்டை. இப்படிப் பீறிட்ட கிணறுகளில் தீப்பிடித்து மாண்ட தொழிலாளர்கள் பல பேர்.

அதே டெக்சாஸில் ஜேம்ஸ் அபெர்கிராம்பி என்று ஒரு துளையிடும் தொழில்காரர். ஹாரி கேமரன் என்று ஒரு பட்டறைக்காரர். பீறிட்ட கிணற்றில் சிக்கி உயிர் தப்பிய அபெர்கிராம்பி, கேமரனின் பட்டறைத் தரையில் கிடந்த மரத்தூளில் விரலால் படம் போட்டு யோசனை சொன்னார் என்பார்கள். எதிரெதிரே இரண்டு இரும்புக் கட்டைகள், இரண்டு பக்கமிருந்தும் வந்து குழாயைக் கவ்விப் பிடித்து, சுற்றியிருக்கும் இடைவெளியை அடைக்க வேண்டும் என்பது யோசனை. 1922இல் அந்தக் கருவிக்கு விண்ணப்பித்தார்கள். 1926இல் காப்புரிமை கிடைத்தது. இன்று உலகம் முழுக்க இருக்கும் பி.ஓ.பி.களின் தாய் அதுதான்.

அடுக்கில் என்ன இருக்கிறது

ரிக் தரைக்குக் கீழே, கிணற்றின் வாய்மேல் இரும்புப் பெட்டிகளை அடுக்கி வைத்த மாதிரி ஒன்று தெரியும். அதுதான் பி.ஓ.பி. அடுக்கு. மேலிருந்து சொல்கிறேன்.

மேலே குண்டாக, உருண்டையாக இருப்பது ஆனுலர். உள்ளே வளையம் போல ஒரு கெட்டி ரப்பர். கீழேயிருந்து எண்ணெய் அழுத்தம் கொடுத்தால் அந்த ரப்பர் உள்பக்கமாக நெருங்கி, நடுவில் எது இருந்தாலும் அதைப் பிடித்துக்கொள்ளும். சுருக்குப்பையின் கயிற்றை இழுத்த மாதிரி. மெல்லிய குழாய், தடித்த குழாய் என்ற பேதம் இல்லை. முதலில் மூடுவது வழக்கமாக இதைத்தான்.

அதற்குக் கீழே ரேம்கள். பைப் ரேம், குறிப்பிட்ட அளவுள்ள குழாயைச் சுற்றிக் கச்சிதமாகக் கவ்வும். அளவு மாறிய குழாய் உள்ளே இருந்தால் பிடிக்காது. பிளைண்ட் ரேம், குழாயே இல்லாத வெறுங்கிணற்றை மூடும். ஷியர் ரேம் என்பது கத்தி. வேறு வழியே இல்லாதபோது குழாயையே வெட்டும். வெட்டுவதோடு வாயையும் சேர்த்து மூடுகிற வகைக்கு பிளைண்ட் ஷியர் ரேம் என்று பெயர்.

பக்கவாட்டில் இரண்டு குழாய்கள் போகும். ஒன்று கில் லைன். மூடிய கிணற்றுக்குள் கனமான சேற்றை ஏற்ற அது உதவும். இன்னொன்று சோக் லைன். உள்ளே புகுந்த வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக, கட்டுப்பாட்டோடு வெளியே விட்டு, தூரத்தில் கொண்டுபோய் எரிக்க அது உதவும். ஆகவே மூடியதோடு வேலை முடிந்துவிடாது. மதகை இறக்கியபின் ஆற்றுத் தண்ணீரை வடிகாலில் திருப்பிவிட வேண்டும் இல்லையா, அதுபோல.

இதையெல்லாம் கையால் திருகி மூடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. ரிக்கிலிருந்து தள்ளி ஒரு கொட்டகையில் அக்குமுலேட்டர் என்று ஒரு இயந்திரம் இருக்கும். வரிசையாகச் சிலிண்டர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் நைட்ரஜன் வாயு, இன்னொரு பக்கம் ஹைட்ராலிக் திரவம், 200 கிலோவுக்கு மேல் அழுத்தத்தில் தயாராக இருக்கும். கரண்ட் போனாலும், பம்ப் நின்றாலும், சேமித்து வைத்த அந்த அழுத்தம் பி.ஓ.பி.யை மூடும். நிலத்தில் உள்ள ரிக்கில் ரேம் ஒன்று 30 விநாடிக்குள் மூட வேண்டும் என்பது சர்வதேச நியமம். சுவிட்ச் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். ஒன்று டிரில்லர் பக்கத்தில். இன்னொன்று தூரத்தில், ரிக் தீப்பிடித்தாலும் ஆள் போகக்கூடிய இடத்தில்.

இத்தனையும் கடைசியில் ரப்பரை நம்பித்தான் இருக்கிறது. ரப்பர் தேயும், காயும், வெடிக்கும். ஃபுட் வால்வு வாசர் போனால் பம்புசெட் தண்ணீர் எடுக்காதது நமக்குத் தெரியும். அதனால்தான் வாரத்துக்கு ஒருமுறை மூடித் திறந்து பார்க்க வேண்டும், 21 நாளைக்கு மிகாமல் அழுத்தம் ஏற்றிச் சோதிக்க வேண்டும் என்று நியமம் இருக்கிறது. அழுத்தச் சோதனையை முதலில் குறைந்த அழுத்தத்தில் செய்து, பிறகுதான் உயர்ந்த அழுத்தத்தில் செய்வார்கள். காரணம் உண்டு. அழுத்தம் அதிகமாக இருக்கும்போது ரப்பர் தானே நசுங்கி அடைத்துக்கொள்ளும். குறைந்த அழுத்தத்தில்தான் அதன் ஓட்டை தெரியும்.

நான் எழுதிய பொய்க் கணக்கு

இதை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இது இல்லாமல் பாடம் முழுசாகாது.

ஒரு மார்கழி ராத்திரி. கிணற்றிலிருந்து குழாயை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 28 மீட்டர் நீளம் வெளியே வரும். அதை ஸ்டாண்டு என்போம். குழாய் வெளியே வரும்போது உள்ளே அந்த இரும்பு பிடித்திருந்த இடம் காலியாகும். ஐந்து அங்குலக் குழாய் என்றால் ஸ்டாண்டுக்கு நூறு லிட்டருக்குச் சற்று மேல். அந்த அளவு சேற்றைத் தனித்தொட்டியிலிருந்து கிணற்றுக்கு ஊற்றிக்கொண்டே வர வேண்டும். ஐந்து ஸ்டாண்டுக்கு 550 லிட்டர் குடிக்க வேண்டிய கிணறு 300 லிட்டர்தான் குடித்தது என்றால், மீதி இடத்தில் கீழேயிருந்து வேறு ஏதோ வந்து உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்தத் தொட்டியைப் பார்த்து, ஐந்து ஸ்டாண்டுக்கு ஒருமுறை சீட்டில் எழுதுவது என் வேலை. குளிர். பதினாறு மணி நேரமாக விழித்திருந்தேன், மாற்று ஆள் வரவில்லை. மூன்று நான்கு வரிக்குத் தொட்டியை எட்டிப் பார்க்கவே இல்லை. முந்தின வரியில் இருந்த எண்ணையே எழுதினேன். சீட்டு அழகாக இருந்தது.

டிரில்லர் ஒரு பஞ்சாபிக்காரர். அவருக்கு என்ன தோன்றியதோ, வேலையை நிறுத்தி கிணற்றைப் பார்க்கச் சொன்னார். பம்ப் ஓடவில்லை, சேறு வழிந்துகொண்டிருந்தது. அடுத்த நிமிஷம் குழாயின் தலையில் வால்வு மாட்டி, ஆனுலரை மூடிவிட்டார். அழுத்தமானி ஏறி நின்றது. எங்களுக்குக் கீழே வாயு இருந்தது. பிறகு குழாயைத் திரும்ப இறக்கி, கனமான சேறு ஏற்றி, வாயுவைச் சோக் வழியாக வெளியேற்றி எரித்துக் கிணற்றை அடக்க ஒன்றரை நாள் ஆனது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ரிக்கைச் சுற்றிக் கடுகு வயல்கள். மஞ்சளாகப் பூத்துக் கிடந்தன. அந்த வயல்காரர்களுக்கு ராத்திரி என்ன நடந்தது என்பதே தெரியாது.

டிரில்லர் என் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு திட்டவில்லை. "உன் வீட்டில் நிலம் இருக்கிறதா?" என்று இந்தியில் கேட்டார். இருக்கிறது என்றேன். "இவர்களுக்கும் இருக்கிறது" என்று கடுகு வயலைக் காட்டினார். அவ்வளவுதான்.

அன்று பி.ஓ.பி. வேலை செய்தது. ஆனால் அதை மூடச் சொன்னது ஒரு மனிதரின் கவனம். அதை மூடவிடாமல் செய்யப் பார்த்தது இன்னொரு மனிதரின் பொய்க் கணக்கு. அந்த இன்னொருவன் நான். கருவி இருக்கிறது என்று மட்டும் அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தேனே, அதுதான் உறுத்தியது.

இருந்தும் மூடாதது, கழற்றியதால் மூடாதது

2010 ஏப்ரல் 20, மெக்சிகோ வளைகுடா. டீப்வாட்டர் ஹொரைசன் என்ற ரிக். கடலடியில், ஏறக்குறைய 1500 மீட்டர் ஆழத்தில், மாடிக்கட்டிடம் உயரத்துக்குப் பெரிய பி.ஓ.பி. அடுக்கு இருந்தது. கிணறு அடைபட்டுவிட்டதா என்று பார்க்கும் அழுத்தச் சோதனையின் முடிவைத் தப்பாகப் படித்தார்கள். கிக் தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. வெட்டி மூட வேண்டிய ஷியர் ரேமுக்கு நடுவில் குழாய் நேராக நிற்காமல், வளைந்து ஓரமாக ஒதுங்கியிருந்தது. கத்தி முழுசாக வெட்டவில்லை. 11 பேர் இறந்தார்கள். 87 நாள் கடலில் எண்ணெய் கொட்டியது. உலகத்தில் விலை உயர்ந்த கருவிகளில் ஒன்று அங்கே இருந்தும் நடந்த கதை இது.

நம் நாட்டில் கோதாவரி டெல்டாவின் கோனசீமா, நம் ஊர் போலவே நெல்லும் தென்னையும். அங்கே 1995 ஜனவரி 8 அன்று பாசர்லப்பூடியில் துளையிட்டுக்கொண்டிருந்த கிணறு பீறிட்டுத் தீப்பிடித்தது. 65 நாள் எரிந்தது. சுற்றுக் கிராமத்தார் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது.

2020 மே 27, அசாம் மாநிலம் தின்சுகியா மாவட்டம் பாக்ஜான். நாம் கூர்ந்து படிக்க வேண்டியது இதைத்தான். ஏனென்றால் அது புதிதாகத் துளையிட்ட கிணறு இல்லை. பல வருஷமாக வாயு எடுத்துக்கொண்டிருந்த ஆயில் இந்தியா நிறுவனத்தின் ஐந்தாம் எண் கிணறு. பழுது பார்க்கும் வேலை நடந்தது. கிணற்றுக்குள் சிமென்ட் அடைப்பு வைத்தார்கள். பிறகு பி.ஓ.பி.யைக் கழற்றினார்கள். வாயு பீறிட்டுவிட்டது. அடைப்பு தாங்குமா என்று போதிய நேரம் விட்டு உறுதிசெய்து கொள்ளாமல் கழற்றியதே குறை என்று பின்னால் நடந்த விசாரணைகளில் வெளிவந்தது. ஜூன் 9 அன்று தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். சிறு தேயிலைத் தோட்டங்கள், வீடுகள், மகுரி-மோதாபுங் சதுப்பு ஏரி எல்லாம் பாதிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் முகாம்களுக்குப் போனார்கள். நவம்பர் 15 அன்றுதான் கிணறு அடங்கியது. ஐந்தரை மாதம்.

வீட்டுக்குத் தளம் போட்டால் மறுநாளே சென்ட்ரிங் பலகையை உருவுவோமா? சிமென்டுக்கு அதற்குரிய நேரம் வேண்டும். கிணற்றுக்குள்ளும் அதே சிமென்ட்தான்.

நம் ஊர்க் கிணறுகளுக்கு எது ஆபத்தான நேரம்

காவிரி டெல்டாவில் 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டுவதைத் தடை செய்கிறது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடவில்லை. ஆகவே நம் வயலோரம் வரும் ரிக், பெரும்பாலும் பழைய கிணற்றைப் பழுதுபார்க்க வருவதுதான். ஒர்க்-ஓவர் என்பார்கள்.

உற்பத்தியில் இருக்கும் கிணற்றின்மேல் பி.ஓ.பி. இருக்காது. இதைப் பலர் கவனிப்பதில்லை. வேலிக்குள் தெரிகிற சக்கரம் வைத்த வால்வுகளின் கொத்துக்கு கிறிஸ்துமஸ் ட்ரீ என்று பெயர். வழக்கமான நாட்களில் அதுதான் காவல். ஒர்க்-ஓவருக்கு அதைக் கழற்றி பி.ஓ.பி.யை மாட்ட வேண்டும். வேலை முடிந்து பி.ஓ.பி.யைக் கழற்றித் திரும்ப அதை மாட்ட வேண்டும். இப்படி ஒவ்வொரு ஒர்க்-ஓவரிலும் இரண்டு முறை கிணற்றின் வாய்மேல் ஒரு காவலும் இல்லாத நேரம் வரும். அந்த நேரத்தில் கிணற்றுக்குள்ளே ஒன்றுக்கொன்று சாராத இரண்டு தடைகள் இருக்க வேண்டும், இரண்டும் சோதித்துப் பார்த்தவையாக இருக்க வேண்டும் என்பதே இந்தத் தொழிலின் அடிப்படை விதி. ஒன்று, கிணறு நிறைய போதிய கனமுள்ள திரவம். இன்னொன்று, சிமென்டோ இரும்போ வைத்த அடைப்பு.

நம்முடைய கேள்வியும் அங்கேதான் இருக்க வேண்டும். ரிக் வந்ததும் ஊராட்சி மூலமாகவோ, மாவட்ட ஆட்சியர் வழியாகவோ எழுத்தில் கேளுங்கள். பொதுத்துறை நிறுவனமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம்.

1. என்ன வேலை, எத்தனை நாள்? கிணற்று வாயில் இப்போது எவ்வளவு அழுத்தம்?
2. பி.ஓ.பி.யை மாட்டியபின் அழுத்தச் சோதனை நடந்த தேதி என்ன? குறைந்த அழுத்தம், உயர்ந்த அழுத்தம் இரண்டிலும் தாங்கியதா?
3. உள்ளே இருக்கும் குழாயின் அளவுக்கு ஏற்ற ரேம் இருக்கிறதா? வெட்டும் ரேம் இருக்கிறதா?
4. பி.ஓ.பி.யைக் கழற்றும் நாள் எது? அதற்குமுன் உள்ளே இருக்கும் இரண்டு தடைகள் எவை? எப்படிச் சோதித்தார்கள்? சிமென்ட் என்றால் எத்தனை மணி நேரம் விட்டார்கள்?
5. ராத்திரி வேலையில் கிணற்றைக் கவனிக்கும் ஆளுக்கு மாற்று ஆள் உண்டா?
6. பீறிட்டால் ஊருக்கு எப்படித் தெரிவிப்பார்கள்? சைரனா, தண்டோராவா? எந்த வழியாக, எங்கே போக வேண்டும்? ஒத்திகை எப்போது?

ஐந்தாம் கேள்வி ஏன் என்று உங்களுக்குத் தெரியும். ரிக்கில் வேலை பார்ப்பவர்கள் நமக்கு எதிரிகள் இல்லை. பீறிட்டால் முதலில் சாகிறவர்கள் அவர்கள். தூங்க நேரம் கொடுக்காமல் வேலை வாங்கினால் அவர்களுக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து.

இன்றே செய்து வைக்க வேண்டியது

கிணற்றுக்குப் பக்கத்தில் நிலம் இருப்பவர்கள், ஒன்றும் நடக்காத நாளிலேயே மண்ணையும் தண்ணீரையும் சோதித்து அறிக்கையை வைத்துக்கொள்ளுங்கள். அமில காரத் தன்மை, மின்கடத்தும் திறன் இரண்டும் அவசியம். ஒர்க்-ஓவரில் பயன்படுத்தும் திரவம் பெரும்பாலும் உப்புநீர். ஆழத்திலிருந்து எண்ணெயோடு வருவதும் உப்புநீர். பீறிடல் நடக்காமல், வெறுமனே குழி உடைந்து வழிந்தாலே வயலில் உப்பு ஏறும். நேற்று இப்படி இருந்தது என்று காட்ட நம்மிடம் காகிதம் இல்லாவிட்டால், எப்போதுமே இப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிடுவார்கள். அங்ககச் சான்று வாங்கியவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம்.

ஒருவேளை பீறிட்டால், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்காக விலகி, காற்று வரும் திசைக்குப் போங்கள். பள்ளத்திலும் வாய்க்காலிலும் ஒதுங்காதீர்கள். எண்ணெயோடு வரும் கனமான ஆவி தாழ்வான இடத்தில் தேங்கும். மோட்டார் ஸ்விட்ச், பைக், டிராக்டர், அடுப்பு, பீடி எதுவும் கூடாது. தீப்பொறி ஒன்று போதும். அழுகிய முட்டை நாற்றம் வந்து, பிறகு வராமல் போனால் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். மாடுகளை அவிழ்த்துவிட நேரம் இருந்தால் அவிழ்த்துவிடுங்கள், தேடிக்கொண்டு நிற்காதீர்கள். வேடிக்கை பார்க்க யாரையும் விடாதீர்கள். பாக்ஜானில் பீறிட்டதற்கும் தீப்பிடித்ததற்கும் இடையில் பதிமூன்று நாள் இருந்தது. தீ இன்னும் பிடிக்கவில்லை என்பது பத்திரம் என்பதற்கு அடையாளம் ஆகாது.

அக்காவுக்கு முழு பதில்

மறுநாள் அக்காவைத் தேடிப் போய்ச் சொன்னேன். "அக்கா, நேத்து நான் சொன்னது பாதிதான். கருவி இருக்கு. அது நல்ல கருவி. ஆனா அதைச் சோதிக்கணும், சரியான நேரத்துல மூடணும், அவசரப்பட்டுக் கழட்டக் கூடாது. அதெல்லாம் மனுஷங்க செய்ற வேலை. சரியா செய்றாங்களான்னு நாம கேட்டுக்கிட்டே இருக்கணும்."

"கேட்டா சொல்லுவாங்களா?"

"சொல்ற வரைக்கும் கேக்கணும்."

அக்கா கொஞ்ச நேரம் ரிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அந்தக் கேள்வியெல்லாம் எழுதிக் குடு. கிராமசபையில நானே படிக்கிறேன்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். அடுத்த கிராமசபையில் ஆறு கேள்விகளையும் அக்காதான் எழுந்து நின்று படித்தார். தீர்மானத்தில் ஏற்றிக்கொண்டார்கள். அதற்கு முன்பே ரிக் வேலை முடிந்து போய்விட்டிருந்தது. ஆறில் மூன்றுக்குப் பிறகு எழுத்தில் பதில் வந்தது. நாலாவது கேள்விக்கு இன்னும் வரவில்லை. ஒர்க்-ஓவர் ரிக் இன்னொரு நாள் திரும்பி வரும். அதற்குள் அந்தப் பதிலை வாங்க வேண்டும். உங்கள் ஊரில் கிணறு இருந்தால் நீங்களும் கேளுங்கள்.